வீட்டு வாலை: பானை சுலபம், சுருள்தான் வேலை

வாலை, அதாவது கொதிக்க வைத்து ஆவியை வடிக்கும் கருவி, கட்டப்போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது பானை எத்தனை லிட்டர் என்றுதான். பானையில் ஒன்றும் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்க எந்தப் பாத்திரமும் போதும். எழும்பிய ஆவியை மறுபடி தண்ணீராக்கி, சூடு ஆற்றி, ஒழுங்காகக் கீழே இறக்குவதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. அதனால் நான் குளிர்விக்கும் சுருளில் ஆரம்பித்து, அதற்கு ஏற்ற அடுப்பு, அந்த அடுப்புக்கு ஏற்ற பானை என்று பின்னோக்கி வந்தேன்.

எனக்கு வேண்டியது இரண்டு. பேட்டரிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர், அப்புறம் எலுமிச்சைப் புல், துளசி, தைல மர இலை போன்றவற்றிலிருந்து கொஞ்சம் எண்ணெயும் வாசனை நீரும். சாராயத்துக்கும் இதே கருவிதான் என்பது தெரிந்த விஷயம், ஆனால் அது இந்தப் பதிவில் இல்லை. உரிமம் இல்லாமல் வீட்டில் மது வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நியூசிலாந்து 1996-ல் சொந்த உபயோகத்துக்கு அனுமதித்தது, அப்படிப்பட்ட நாடுகள் குறைவு. ஆஸ்திரேலியாவில் 5 லிட்டருக்கு மேற்பட்ட வாலையை வைத்திருக்கவே அனுமதி வாங்க வேண்டும், அதில் எதை வடிக்கிறீர்கள் என்பது அப்புறம். ஆகவே தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் மட்டும் கட்டுகிறவர்களும் தங்கள் இடத்துச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. தவிர, மது ஆவி தீப்பிடிக்கும், நீராவி பிடிக்காது. கசிவு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது.

சரி, சுருளுக்கு வருவோம். ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது ஏறத்தாழ 2257 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற அந்த வெப்பம் போதும். அதாவது ஒரு வாளித் தண்ணீருக்குள் சுருளை வைத்துவிட்டு வடிக்க உட்கார்ந்தால், ஒரு லிட்டர் வடிவதற்குள் வாளி கைவைக்க முடியாத சூடாகிவிடும். அதற்கு மேல் வருவது பாதி தண்ணீர், பாதி ஆவி. எண்ணெய் வடிக்கும்போது அப்படி ஆவியாகப் போவதில் வாசனைதான் முதலில் போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சின்ன வாளியை வைத்துவிட்டு "எண்ணெயே வரவில்லை" என்பவர்கள் நிறைய.

என் அடுப்பு 2 கிலோவாட் மின் அடுப்பு. முழு வெப்பமும் ஆவியாவதற்கே போனால் மணிக்கு 3.2 லிட்டர் வர வேண்டும். பானையின் பக்கவாட்டில் போகும் சூட்டைக் கழித்தால் இரண்டரை லிட்டர் பக்கம் வருகிறது. அவ்வளவு வெப்பத்தையும் எடுக்க, குளிர்நீர் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 30 டிகிரி வித்தியாசம் வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டம் வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு அத்தனையும் சாக்கடையில் போவதைப் பார்க்க மனசு வராது. அதனால் 200 லிட்டர் டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டிக்குப் போடும் சின்ன பம்ப் ஒன்றை உள்ளே இறக்கி, சுருள் இருக்கும் வாளி வழியாகச் சுற்றவிடுகிறேன். இரண்டு மணி நேரம் ஓடினாலும் டிரம்முக்கு ஏறுவது 17 டிகிரிக்குள்தான். கடைசியில் மிஞ்சும் வெதுவெதுப்பான தண்ணீரை அடுத்த முறை பானைக்கு ஊற்றினால் கொதிக்கும் நேரமும் குறைகிறது.

சுருளுக்கு அரை அங்குல மென்செம்புக் குழாய், நான்கு மீட்டர். மென்செம்பாகத்தான் இருக்க வேண்டும். நேர்க்குழாயாக விற்கும் கடினச் செம்பு வளைக்கும்போதே மடிந்துவிடும். மென்செம்புமே வெறுமனே வளைத்தால் நசுங்கும், அதற்கு ஒரு முனையை அடைத்து, நன்றாகக் காய்ந்த தூள் உப்பைக் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்துவிட்டு, ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாயைச் சுற்றி மெதுவாக வளைக்க வேண்டும். மணலும் போடலாம்தான், ஆனால் உப்பு என்றால் முடிந்ததும் வெந்நீர் விட்டால் கரைந்து வெளியே வந்துவிடும், மணல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. உப்பில் ஈரம் இருந்தால் கட்டியாகி இறுகும், வாணலியில் வறுத்து ஆறவிட்டுப் போடுங்கள்.

சுருளின் ஒவ்வொரு சுற்றும் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். எங்காவது ஒரு சுற்று சற்றே மேலெழும்பி மறுபடி இறங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், ஆவி அதைத் தள்ளிக்கொண்டு வரும், வெளியே 'குபுக் குபுக்' என்று விட்டு விட்டுக் கொட்டும். வாளிக்குள் இறக்குவதற்கு முன் சுற்றுகளுக்கு இடையே மரக்குச்சி செருகிக் கட்டி இடைவெளியை நிலைப்படுத்திவிட்டேன். அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடிக் கோலியை மேலே போட்டுப் பார்த்தேன், நிற்காமல் உருண்டு கீழே வந்தது. குளிர்நீர் வாளியின் அடியில் நுழைந்து மேலே வழிந்து போக வேண்டும், ஆவி மேலிருந்து இறங்குவதற்கு நேர் எதிர்த் திசை. இப்படி எதிரெதிராக ஓடினால்தான் கடைசிச் சுற்று மிகக் குளிர்ந்த தண்ணீரைத் தொடும். ஆய்வகத்தில் ஆவியைக் குளிர்விக்க வைக்கும் லீபிக் குழாயிலும் இதே ஏற்பாடுதான். அந்தக் குழாய் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் பெயரில் இருந்தாலும், வைகல் என்ற இன்னொரு ஜெர்மன்காரர் 1771-லேயே அதை வெளியிட்டுவிட்டார், பெயர் மட்டும் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது.

பானை 20 லிட்டர் எவர்சில்வர், அகன்ற வாய். அடியில் 8 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் மூன்று கால் வைத்த ஓட்டைத் தட்டு, தட்டின் மேல் இலை. தண்ணீர் கொதித்துத் தெறித்தாலும் இலையைத் தொடாத உயரம் வேண்டும், தொட்டால் அது வடிப்பாகாது, வேகவைப்பாகிவிடும், வாசனையிலும் அது தெரியும். செம்பா எவர்சில்வரா என்ற சண்டைக்கு என் பதில்: பானை எவர்சில்வர், சுருள் செம்பு. செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும், இலைகளில் இருந்து வரும் கந்தக வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் குடிப்பதற்கு வடித்த தண்ணீர் வேண்டும் என்றால் சுருளையும் எவர்சில்வரிலேயே செய்யுங்கள். உப்பே இல்லாத தண்ணீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு லேசாக அமிலமாகிவிடும், செம்பையும் கொஞ்சம் கரைக்கும். பேட்டரிக்கு ஊற்றுவதற்கும் அதே காரணத்துக்காக நான் தனியாக ஓர் எவர்சில்வர் சுருளைத்தான் மாட்டுகிறேன். இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் பானை வாங்கும்போது அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா எவர்சில்வரும் ஒட்டாது.

வைக்கவே கூடாதவை சில உண்டு. துத்தநாகம் பூசிய இரும்பு வாளி ஆவி படும் இடத்துக்கு ஆகாது. பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், அதன் பற்றவைப்பில் ஈயம் இருக்கும், உள்ளே ஊற்றியிருந்த கூலன்ட்டின் மிச்சமும் இருக்கும். செம்பு இணைப்புகளுக்கு நான் வெள்ளீயமும் செம்பும் கலந்த ஈயமில்லாத சால்டர்தான் வைத்தேன். அது உருக 230 டிகிரி பக்கம் சூடு வேண்டும், சின்ன டார்ச் போதும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு என்று வீட்டில் கிடக்கும் பழைய சால்டரில் பெரும்பாலும் ஈயம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். பித்தளை வால்விலும் சிறிது ஈயம் உண்டு, முடிந்தவரை பித்தளையைத் தவிர்த்துவிட்டேன்.

மூடிக்கும் பானைக்கும் நடுவே என்ன வைப்பது என்பதில் நான் பழைய வழிக்கே போய்விட்டேன்: கெட்டியாகப் பிசைந்த மாவுப் பசை. ரப்பர் கேஸ்கெட் எண்ணெய் ஆவியில் ஊதிப் பெருத்து இளகிவிடும். சிலிக்கோன் தாங்கும், ஆனால் ஒருமுறை யூகலிப்டஸ் வடித்தால் அந்த வாசனையை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த துளசியிலும் கொண்டுவந்து சேர்க்கும், வேண்டுமானால் அதன் மேல் டெஃப்லான் டேப் சுற்றிக்கொள்ளலாம். மாவு சூட்டில் காய்ந்து இறுகி, வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் விடுவது மாவுதான்.

இந்த அழுத்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாலை ஒருபோதும் மூடிய பாத்திரம் ஆகக் கூடாது. கொதிக்கும் பானையிலிருந்து சுருளின் கடைசி நுனி வரை பாதை திறந்தே இருக்க வேண்டும், அந்தப் பாதையில் வால்வு கூடாது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரிகிறது. சுருளின் வாயில் ஓர் இலை போய் அடைத்துக்கொண்டால் போதும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் வெறும் 0.3 பார் அதிக அழுத்தம் ஏறினாலே, கீழிருந்து தள்ளும் விசை 200 கிலோ எடைக்கு மேல் வரும். கிளாம்ப் போட்டு இறுக்கிய மூடி என்றால் அது எப்போது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. நான் இலைக்கு மேலே இன்னொரு வலைத்தட்டு வைக்கிறேன், இலை மேலே எழும்பி ஆவிக் குழாய்க்குள் போகாமல் இருக்க. கூடவே ஒவ்வொரு தடவையும் அடுப்பு பற்ற வைக்கும் முன் சுருளின் நுனியில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பேன், மறுபக்கம் காற்று தாராளமாக வர வேண்டும். இது ஏதோ சடங்கு மாதிரி தெரியலாம். சும்மா கிடந்த குழாயின் நுனியில் குளவி மண்கூடு கட்டியிருந்ததைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. அடுப்பை அணைத்ததும் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். சுருளின் நுனி ஏந்துகிற பாட்டிலில் மூழ்கியிருந்தால் வடித்தது மொத்தத்தையும் பானை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், நுனி அடைபட்டிருந்தால் தகடு மெல்லிய பானை நசுங்கவும் கூடும். நுனிக்கும் பாட்டில் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கேஸ் அடுப்பில் வைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், அடுப்பு நிற்காது. அவர்களுக்கு உயரத்தில் ஒரு தொட்டி வைத்துத் தானாக இறங்கும் தண்ணீர்தான் சரி.

எல்லாம் மாட்டியதும் இலை போடாமல் வெறும் தண்ணீர் ஓட்டம். ஆவி வர ஆரம்பித்ததும் ஒரு குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கத்தை ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் கொண்டுபோனேன். கண்ணுக்குத் தெரியாத கசிவு கரண்டியில் பனியாகப் படியும். கழுத்து இணைப்பில் நகக்கண் அகலத்துக்கு மங்கியது, அங்கே இன்னும் கொஞ்சம் மாவு அப்பினேன், நின்றது. செம்புச் சுருளில் முதலில் வந்த தண்ணீர் லேசான பச்சை நிறம், பற்றவைக்கும்போது சால்டர் நன்றாக ஒட்டத் தடவிய ஃபிளக்ஸ் பசையின் வேலை. இரண்டாவதாக வினிகர் கலந்த தண்ணீர், மூன்றாவதாக மறுபடி வெறும் தண்ணீர், அதில் நிறமும் இல்லை வாடையும் இல்லை. இந்த மூன்றையும் கீழே கொட்டிவிட வேண்டும், பாத்திரம் கழுவக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர் வடிப்பது பொறுமை மட்டும் வேண்டிய வேலை. கொதி வந்ததும் மூடியைச் சில நிமிடம் திறந்தே வைத்தால் குளோரின் மாதிரி எளிதில் பறப்பவை போய்விடும், அப்புறம் மூடலாம். பானையில் கடைசிக் கால் பங்கை விட்டுவிடுவேன். அங்கே உப்பு அடர்ந்து, நுரைத்து, துளிகளாகத் தெறித்து மேலே போகும். ஓடும்போதே, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும், ஒற்றை இலக்கத்தில் நிற்கும் எண் மெல்ல ஏற ஆரம்பித்தால் கொதி அதிகம் என்று பொருள், சூட்டைக் குறைக்க வேண்டும்.

எண்ணெய்தான் சுவாரசியம். எலுமிச்சைப் புல்லின் வாசனைக்குக் காரணமான சிட்ரால் தனியாகக் கொதிக்க 229 டிகிரி வேண்டும், ஆனால் நீராவியோடு சேர்ந்தால் 100-க்குக் கீழேயே கிளம்பி வந்துவிடுகிறது. தண்ணீரோடு கலக்காத எண்ணெய் தன் ஆவியழுத்தத்தையும் தண்ணீரின் அழுத்தத்தோடு கூட்டிக்கொள்வதால் அப்படி. வெட்டிய புல்லை நிழலில் வாடவிட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கி, தட்டில் சமமாகப் பரப்ப வேண்டும். அமுக்கித் திணித்தால் ஆவி ஒரே ஓரத்தில் வழி கண்டுபிடித்துப் போய்விடும், திறந்து பார்த்தால் ஒரு பக்கம் வெந்து பழுத்திருக்கும், மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும். 8 லிட்டர் கொதி வர அரை மணிக்கு மேல் ஆகும். முதல் சொட்டுகள் வெறும் தண்ணீர், அப்புறம் திடீரென்று பால் கலந்தது போல் மங்கலாகும், வாசனை அறையை நிறைக்கும், பாட்டிலின் கழுத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வளையம் கட்டும். பெரும்பகுதி எண்ணெய் முதல் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது.

எதிர்பார்ப்பை அடக்கி வைத்துக்கொள்வது நல்லது. பச்சைப் புல்லில் எண்ணெய் 0.2 முதல் 0.5 சதவீதம்தான். 20 லிட்டர் பானையில் கொள்ளும் மூன்று கிலோவுக்கு 10 மில்லி கிடைத்தால் வாலை ஒழுங்காக வேலை செய்கிறது. மிச்சமெல்லாம் வாசனை நீர், அதிலும் கரைந்த எண்ணெய் உண்டு, அதைக் கொட்டாமல் அடுத்த முறை பானையில் ஊற்றுகிறேன். பிரிப்பதற்கு ஒடுங்கிய கழுத்துள்ள கண்ணாடிப் பிரிபுனல். கலங்கல் தெளியாவிட்டால் கொஞ்சம் உப்பைப் போட்டு இரவு முழுக்க வைத்தால் பிரிந்துவிடும். எல்லா எண்ணெயும் மிதக்காது, கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். வெட்டிவேர் எண்ணெயின் எடை கிட்டத்தட்ட தண்ணீரோடு ஒட்டியே இருக்கும், கெட்டியும்கூட. அதற்குச் சுருளை ரொம்பக் குளிரவைக்காமல் வெதுவெதுப்பாக ஓடவிட வேண்டும், மணிக்கணக்கில் ஆகும், பொழுதுபோக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சேமிக்கப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். பிளாஸ்டிக் வேண்டாம், பல எண்ணெய்கள் அதை இளக்கிவிடும்.

பராமரிப்பு என்பது அன்றன்றைக்குச் செய்கிற வேலை, ஒருநாள் தள்ளினால் இரட்டிப்பாகும். பானை வெதுவெதுப்பாக இருக்கும்போதே இலையைக் கொட்டிவிட வேண்டும், ஆறிவிட்டால் பிசின் ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினாலும் வராது. அப்புறம் இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றி, சுருளுக்குக் குளிர்நீரே விடாமல், வாளியையும் காலி செய்துவிட்டு ஆவியை அப்படியே நுனிவரை ஓடவிடுவேன். குளிர்ந்த சுருளில் ஒட்டியிருந்த எண்ணெய் சூட்டில் கிளம்பி வெளியே வந்துவிடும். இந்த நேரத்தில் நுனியின் பக்கம் கை போகக் கூடாது, வருவது கொதிக்கும் ஆவி. தைல மர இலைக்குப் பிறகு இதைச் செய்யாமல் விட்டால் அடுத்து எது வடித்தாலும் சளி மருந்து வாசனைதான்.

பானையின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு உப்பு. லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு, கைபொறுக்காத சூட்டில் அரை மணி வைத்தால் நுரைத்துக்கொண்டு கரைந்துபோகும். நுரை நின்றபிறகும் வெள்ளை மிச்சமிருந்தால் கரைசல் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எவர்சில்வர்தானே என்று பிளீச்சிங் கரைசல் ஊற்றுகிறவர்கள் உண்டு. குளோரைடு அதைப் புள்ளிப் புள்ளியாக அரித்துவிடும். இரும்பு நாரும் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். செம்புச் சுருளுக்குள்ளும் அதே சிட்ரிக் கரைசலை ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்து, வெந்நீரால் அலசி எடுக்கிறேன். வெளிப்பக்கம் பழுப்பேறியிருந்தால் இருக்கட்டும், அழகுக்குத்தான் அது. உள்பக்கம் களிம்பு ஏறக் கூடாது. நீல நிறமோ பச்சை நிறமோ வடிநீரில் தெரிந்தால் அன்றைக்கு வடித்ததைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான்.

களிம்புக்குக் காரணம் உள்ளே தேங்கும் ஈரம். அலசியதும் சுருளைத் தலைகீழாகத் திருப்பி வடித்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, இரு முனையிலும் மெல்லிய வலைத்துணி கட்டி வைக்கிறேன். தக்கை வைத்து அடைத்தால் உள்ளே ஈரம் நிற்கும், திறந்து வைத்தால் குளவி வரும், வலைத்துணி இரண்டுக்கும் சரிப்படுகிறது. பானையையும் மூடியையும் தனித்தனியாகக் கவிழ்த்து வைக்கிறேன். அடுத்து மாற்ற நினைப்பது ஆவிக்குழாயின் கழுத்து இணைப்பை மட்டும்தான். அங்கே இருப்பது திருகு மரை, அதற்குள் பிசின் போய்த் தங்குகிறது, ஒவ்வொரு முறையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் குடைந்து எடுக்க வேண்டியிருக்கிறது. மரையே இல்லாத கிளாம்ப் இணைப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மூடியில் அதைப் பற்றவைக்க ஆர்கான் வெல்டிங் வேண்டும், அதற்கு ஆள் கிடைத்ததும் மாற்றிவிடுவேன்.